சண்டை போடத் தெரிஞ்ச ரெண்டு குரல்கள்

டூயட் பாட்டுன்னு பேச்சு எடுத்தாலே எல்லாரும் உடனே சொல்ற வார்த்தை ஒண்ணு இருக்கு. கெமிஸ்ட்ரி. மேடையில ரெண்டு பேர் கையைக் கோத்துக்கிட்டா கெமிஸ்ட்ரி, வீடியோவுல மூக்கு மூக்கை இடிச்சா கெமிஸ்ட்ரி. பள்ளிக்கூடத்துல அந்தப் பாடத்துல 35 மார்க் தாண்டத் தவிச்ச ஆளுங்ககூட இந்த விஷயத்துல பேராசிரியர் மாதிரி பேசுறாங்க :-)

என்னைக் கேட்டால் குரல்ல கெமிஸ்ட்ரின்னு ஒண்ணு நிஜமாவே இருக்கு. ஆனா நாம அதைத் தேடுற இடம்தான் தப்பு. ரெண்டு குரலும் பாலும் தேனும் மாதிரி கலந்துட்டா ஆச்சுன்னு ஒரு கட்சி. பாடுற ரெண்டு பேருக்குள்ள நிஜமாவே ஏதோ இருந்தா அது குரல்ல தானா வந்துடும்னு இன்னொரு கட்சி. ரெண்டுமே என் கட்சி இல்லை. ஒரு குரல் சொன்னது இன்னொரு குரலோட காதுல விழுந்திருக்கணும், விழுந்ததுக்கு அடையாளமா அந்த ரெண்டாவது குரல் கொஞ்சமாவது மாறணும். அவ்வளவுதான் என் கட்சி. இதுக்கு என் முதல் சாட்சி 2005ல வந்த ஒரு ஸ்பானிஷ் பாட்டு: 'லா டோர்ட்டூரா'. சித்திரவதைன்னு அர்த்தம். பாடினவங்க கொலம்பியாவோட ஷகீராவும் ஸ்பெயினோட அலெஹாந்த்ரோ சான்ஸும்.

முதல்ல ஜாதகத்தைப் பார்த்துடலாம். பாட்டை எழுதினது ஷகீராவும் லூயிஸ் ஃபெர்னாண்டோ ஓச்சோவாவும். ஷகீராவோட 'ஃபிஹாசியோன் ஓரால்' முதல் தொகுப்புல முதல் சிங்கிளா வந்தது. அமெரிக்காவுல பில்போர்டின் லத்தீன் பாடல் பட்டியல்ல 25 வாரம் முதலிடம். 2014ல என்ரிக்கே இக்லேசியாஸோட 'பைலாந்தோ' வந்து 41 வாரம் உட்கார்ற வரைக்கும் அந்தப் பட்டியல்ல அதுதான் சாதனை. எல்லா மொழிப் பாட்டுக்குமான ஹாட் 100 பட்டியல்ல 23ஆம் இடம் வரைக்கும் ஏறிச்சு. ஒரு வார்த்தை இங்கிலீஷ் இல்லாத பாட்டுக்கு அப்போ அது பெரிய விஷயம். 2005 ஆகஸ்ட்ல மியாமியில நடந்த எம்டிவி வீடியோ விருது விழாவுல ரெண்டு பேரும் இதை முழுக்க ஸ்பானிஷ்லயே பாடினாங்க. 2006 லத்தீன் கிராமியில ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவு, ஆண்டின் சிறந்த பாடல்னு ரெண்டு பெரிய விருதும் வாங்கிச்சு.

இந்தக் கணக்கெல்லாம் எதுக்குன்னா, ஏதோ மூலையில கிடந்த பாட்டை நான் தூக்கிட்டு வரலை. உலகமே கேட்ட பாட்டு. ஆனா பெரும்பாலானவங்க ஞாபகம் வெச்சிருக்கிறது வீடியோவுல ஷகீரா உடம்பெல்லாம் கறுப்பா எண்ணெய் பூசிக்கிட்டு ஆடுற ஆட்டத்தை. தயவுசெஞ்சு ஒரு தடவை கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க. இந்தப் பாட்டோட சமாச்சாரம் முழுக்கக் காதுலதான் இருக்கு.

"ஸ்பானிஷே தெரியாது, உனக்கெப்படி அவங்க என்ன பேசிக்கிறாங்கன்னு தெரியும்?"னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். பக்கத்து போர்ஷன்ல புருஷன் பொண்டாட்டி சண்டை நடக்குது. சுவருக்கு இந்தப் பக்கம் நமக்கு வார்த்தை ஒண்ணுமே விளங்காது. ஆனா யார் கெஞ்சுறாங்க, யார் முறுக்கிக்கிட்டு நிக்கிறாங்க, எப்போ சமாதானம் ஆச்சு, எல்லாமே தெரியும் இல்லையா? மெட்டும் இடைவெளியும் குரலோட ஏத்த இறக்கமுமே பாதிக் கதையைச் சொல்லிடும். அர்த்தத்தை மொழிபெயர்ப்புல அப்புறமா படிச்சுக்கலாம். நான் அப்படித்தான் செஞ்சேன். காதுல கேட்ட கதையும் காகிதத்துல படிச்ச கதையும் ஒண்ணாத்தான் இருந்துச்சு.

கதை இதுதான். இவளை விட்டுட்டு இன்னொருத்தி பின்னாடி போனவன் திரும்பி வந்து நிக்கிறான். மன்னிச்சிடுங்கிறான். இவளுக்கும் வலி இருக்கு, ஆசைகூட மிச்சம் இருக்கு. ஆனா அவன் சொல்ற சாக்குப்போக்கை ஏத்துக்கத் தயாரா இல்லை. மொத்தப் பாட்டும் இந்த இழுபறிதான்.

இப்போ குரலுக்கு வரேன். ஆண் பெண் டூயட்டுல அடிப்படையான ஒரு தொழில் சிக்கல் இருக்கு. நம்ம கச்சேரி மொழியில சொன்னா கட்டைப் பிரச்சினை. சாதாரணமா ஒரு ஆண் பாடகர் ஒரு கட்டை, ஒண்ணரைக் கட்டையில பாடுவார். பெண் பாடகி அஞ்சு, அஞ்சரைக் கட்டை. ரெண்டு பேரும் ஒரே சுருதியில ஒரே மெட்டைப் பாடினா, ஒருத்தருக்கு அது தொண்டையைக் கிழிக்கும், இல்லைன்னா இன்னொருத்தருக்குப் பாதாளத்துல போய் விழும். இதுக்கு இசையமைக்கிறவங்க வழக்கமா மூணு வழி வெச்சிருக்காங்க. ஆள் மாறும்போது சுருதியையே மாத்துறது ஒண்ணு. ரெண்டு பேருக்கும் வேற வேற மெட்டு கொடுக்கிறது ரெண்டாவது. அதே மெட்டை ஒருத்தர் ஒரு ஸ்தாயி மேல, இன்னொருத்தர் கீழேன்னு பாடவிடுறது மூணாவது. சுருதி மாறுற பாட்டுல ஒவ்வொரு தடவையும் மேடையில செட்டிங்ஸ் மாத்தின மாதிரி இருக்கும். அழகாத்தான் இருக்கும், ஆனா சண்டையோட சூடு அதுல கொஞ்சம் ஆறிடும். சண்டை நடக்குற வீட்டுல யாராவது எழுந்து போய் நாற்காலியை ஒழுங்குபடுத்துவாங்களா?

'லா டோர்ட்டூரா'வுல அந்தச் சிக்கலே பெருசா எழலை. ஷகீரா இயல்பாவே தாழ்ந்த இடத்துல சுகமா பாடுற ஆள். சரணத்தையெல்லாம் பேசுற குரலுக்குப் பக்கத்துலயே வெச்சுப் பாடுறாங்க. சான்ஸ் தன்னோட குரலை மேல தள்ளி, தொண்டை கரகரக்கப் பாடுற ஆள். அதனால ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே தளத்துல எதிரெதிரா நிக்கிற மாதிரி இருக்கு. உயரம் ஒண்ணு, ஆனா குரலோட துணி வேற. ஷகீராவோட குரல்ல ஒரு மூக்கொலி, திடீர்னு உடைஞ்சு தெறிக்கிற ஒரு வெட்டு, வார்த்தையோட வால்ல ஒரு நடுக்கம். சான்ஸோட குரல் ராத்திரி முழுக்க யார்கிட்டயோ கத்திட்டு வந்த மாதிரி தேஞ்சு போன குரல். மாட்ரிட்ல பிறந்தவர்னாலும் குடும்பம் ஆண்டலூசியாவோட காதிஸ் பகுதி. ஃபிளமெங்கோ மண். கெஞ்சுறதுக்கும் அழறதுக்கும் பேர் போன பாட்டு முறை அது. ஷகீரா பிறந்த பாரன்கீயா கரீபியன் கரையில இருக்கிற துறைமுக ஊர். கும்பியா மண். பாட்டோட தாளத்துல அந்தக் கும்பியாவும், அப்போ பரபரப்பா ஓடிக்கிட்டிருந்த ரெகேட்டோனும் கலந்திருக்கு. அதாவது சண்டை நடக்குறது அந்தம்மா வீட்டுல. இவர் வாசல்படியில நின்னு பேசுறார். குரலைக் கேட்டாலே அது புரியுது.

இந்த ரெண்டு குரலும் கடைசி வரைக்கும் கலக்கவே இல்லைங்கிறதைக் கவனிங்க. பல்லவியில சேர்ந்து பாடுற இடத்துலகூட ரெண்டு குரலையும் தனித்தனியா பிரிச்சு எடுத்துடலாம். எண்ணெயும் தண்ணியும் மாதிரி. சமரசம் ஆகாத ஜோடியோட கதைக்குக் குரல் மட்டும் தேனா கலந்துட்டா அது பொய்யாத்தானே இருக்கும்?

அடுத்தது, நான் மேல சொன்ன 'காதுல விழுறது'. முதல்ல சான்ஸ் தான் ஒண்ணும் யோக்கியன் இல்லைங்கிற மாதிரி ஒத்துக்கிட்டு, எல்லாத்தையும் சரி பண்ணிடலாம்னு ஒரு வார்த்தை விடுறார். ஷகீரா அவரைப் பேசி முடிக்க விட்டுட்டு, சாக்கைக் கேட்டு வாழ முடியாதுன்னு உடனே வெட்டுறாங்க. இன்னொரு இடத்துல, இந்தக் கதையை வேற யாருகிட்டயாவது போய்ச் சொல்லுங்கிற அர்த்தத்துல நாயையும் எலும்பையும் வெச்சு ஒரு ஸ்பானிஷ் சொலவடையை எடுத்து வீசுறாங்க. பாட்டு இன்னும் கொஞ்சம் ஓடின பிறகுதான் உச்சம். அவர் ஆரம்பத்துல ஒத்துக்கிட்ட அந்த யோக்கியன் விஷயத்தையே இந்தம்மா கையில எடுத்து, 'அது எனக்கும் தெரியும்'ங்கிற மாதிரி அவர் பக்கமே திருப்பி விடுறாங்க. வீட்டுச் சண்டையில நாம சொன்னதையே நமக்குத் திருப்பிச் சொல்வாங்களே, அதே அடி. ஒருத்தர் பேசினதை இன்னொருத்தர் கேட்டு ஞாபகம் வெச்சிருக்கார்னு காட்ட இதைவிட என்ன வேணும்?

கடைசிக்கு முன்னாடி சான்ஸ் பாட்டை விட்டுட்டு பாதி பேச்சு, பாதி பாட்டா இறங்குவார். மொழிபெயர்ப்பைப் படிச்சா சிரிப்பு வரும். ஆளு திருந்தவே இல்லை. வார நாளெல்லாம் உனக்கு, சனிக்கிழமையை மட்டும் எனக்கு விட்டுடுன்னு பேரம் பேசுறார் :-) அந்த இடத்துல அவர் குரல்ல இருக்கிற கொஞ்சல் இருக்கே, அதைக் கேட்டா நமக்கே கொஞ்சம் மனசு இளகும். ஆனா முடிவா பேசுறது அந்தம்மா. இனிமே உனக்காக அழப் போறதில்லைங்கிற மாதிரி முடிச்சு வெச்சுடுறாங்க. கதவு சாத்தியாச்சு.

இனி ரெண்டாவது கட்சிக்கு வரேன். நிஜக் காதல் இருந்தாத்தான் குரல்ல நெருப்பு வரும்னு சொல்ற கட்சி. இதுக்கு லத்தீன் பாப் உலகத்துலயே ஒரு அருமையான பதில் இருக்கு.

அர்ஜென்டினாவுல பிம்பினேலான்னு ஒரு இரட்டையர். லூசியா கலான், ஹோவாகீன் கலான். 1980களோட தொடக்கத்துலேர்ந்து பாடுறாங்க. இவங்களோட முத்திரையே பிரிஞ்ச, பிரியப் போற ஜோடியோட வாக்குவாதத்தைப் பாட்டா பாடுறதுதான். 1982ல வந்த 'ஒல்விதாமே இ பேகா லா புவெல்தா' லத்தீன் அமெரிக்கா முழுக்கத் தெரிஞ்ச பாட்டு. என்னை மறந்துட்டு வந்த வழியே திரும்பிப் போங்கிறது தலைப்போட சாரம். அவன் விட்டுட்டுப் போய் ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்போ வந்து கதவைத் தட்டுறான். அவ யாருன்னு கேட்கிறா, அவன் பதில் சொல்றான், அவ எதுக்குன்னு கேட்கிறா. பல இடத்துல கேள்வி ஒரு சொல், பதில் ஒரு சொல். டேபிள் டென்னிஸ் பந்து மாதிரி. நடுவுல மூச்சு விடக்கூட இடம் இல்லை. கேட்டா, இவங்க ரெண்டு பேரும் நிஜத்துல பத்து வருஷம் குடும்பம் நடத்திப் பிரிஞ்சவங்கன்னு சத்தியம் பண்ணுவீங்க.

ரெண்டு பேரும் கூடப்பிறந்த அண்ணன் தங்கச்சி!

காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. ஒரே வீட்டுல வளர்ந்ததால ஒருத்தர் எப்போ மூச்சு எடுப்பார், எப்போ வெட்டுவார்னு இன்னொருத்தருக்கு அத்துப்படி. சண்டை போடுறதுல அண்ணன் தங்கச்சியைவிட அனுபவசாலி உலகத்துல யாரு?

இந்தப் பாட்டுக்கு ஒரு இரண்டாம் பாகமும் இருக்கு. ஜெனிஃபர் லோபஸும் மார்க் ஆந்தனியும் 1999ல 'நோ மே ஆமேஸ்'னு ஒரு டூயட் பாடினாங்க. 1992 சான் ரெமோ விழாவுல புதியவர் பிரிவுல ஜெயிச்ச ஒரு இத்தாலியப் பாட்டோட ஸ்பானிஷ் வடிவம் அது. அப்போ அவங்க தம்பதி இல்லை. 2004ல கல்யாணம், 2011ல பிரிவு, 2014ல விவாகரத்து. 2016 நவம்பர்ல லத்தீன் கிராமி மேடையில ரெண்டு பேரும் திரும்பச் சேர்ந்து பாடினது எந்தப் பாட்டை? அதே பிம்பினேலா பாட்டை! தனி சிங்கிளாவும் வெளியிட்டாங்க. நிஜமாவே கல்யாணம் பண்ணி, நிஜமாவே பிரிஞ்ச ஜோடி, பிரிஞ்ச ஜோடியோட பாட்டைப் பாடுது. மேடையில முத்தம் வேற. கூட்டம் ஆர்ப்பரிச்சுது.

ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்க. என் காதுக்கு அண்ணன் தங்கச்சிதான் ஜெயிக்கிறாங்க, அதுவும் பெரிய வித்தியாசத்துல. 2016 பதிப்புல நாம கேட்கிறது பாட்டைவிட அவங்களோட வாழ்க்கை வரலாறு. பத்திரிகையில படிச்சதையெல்லாம் நாமே அந்தக் குரல்ல ஏத்திக்கிறோம். பாட்டுக்குள்ள பார்த்தா ஒருத்தர் வரி முடிஞ்சதும் இன்னொருத்தர் நிதானமா ஆரம்பிக்கிறார். பிம்பினேலாவுல அந்த நிதானத்துக்கு இடமே இல்லை. வாழ்க்கையில நடந்தது குரல்ல தானா இறங்கிடாது. அதுக்குத் தனியா உழைக்கணும்.

ஆனா 'நோ மே ஆமேஸ்' பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லியாகணும். மார்க் ஆந்தனி சல்சா உலகத்துல பெரிய தொண்டை. திறந்து விட்டா கூரை பறக்கும். ஜெனிஃபரோட குரல் மெலிசு. அந்தப் பாட்டுல மார்க் தன் குரலைப் பெரும்பாலும் கட்டி வெச்சுத்தான் பாடுறார். பக்கத்துல நிக்கிறவங்களுக்கு இடம் விட்டுப் பாடுறதும் ஒரு வகை கேட்கிறதுதான். அந்தப் பாட்டுல எனக்குப் பிடிச்சது அந்த அடக்கம்.

கெமிஸ்ட்ரின்னா ஆண் பெண் சமாச்சாரம் மட்டும்தானான்னு கேட்டா, இல்லவே இல்லை. 1991ல விக்கி காரும் ஆனா கப்ரியேலும் பாடின 'கோசாஸ் தெல் அமோர்' இருக்கு. ரெண்டு பெண்கள். காதல்ல அடிபட்ட ஒருத்தி தோழிகிட்ட மனசைக் கொட்டுறா, இன்னொருத்தி ஆறுதலும் யோசனையும் சொல்றா. விக்கி கார் டெக்ஸாஸ்ல மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்துல பிறந்தவங்க, துடைச்சு வெச்ச பித்தளைக் குடம் மாதிரி பளிச்னு ஒரு குரல். ஆனா கப்ரியேல் மெக்சிகோவோட சினலோவா மாநிலம், கரகரன்னு மணல் கொட்டின குரல். இங்கேயும் பாருங்க, ரெண்டு குரலும் ஒட்டவே ஒட்டாது. அதனாலதான் யார் யாருக்கு ஆறுதல் சொல்றாங்கன்னு மொழி தெரியாமலே புரியுது. பேச்சுத் துணைங்கிறதும் கெமிஸ்ட்ரிதான்.

இனி மாத்து உதாரணம். 'வீவோ போர் எய்யா'. 'அவளுக்காக வாழ்கிறேன்'னு அர்த்தம். ஆண்ட்ரியா பொச்செல்லி பாடின புகழ்பெற்ற டூயட். ஸ்பானிஷ்ல அவரோட பாடினது மார்த்தா சான்செஸ். ஆனா அதே பொச்செல்லி அதே பாட்டை 1995ல இத்தாலிய மொழியில ஜோர்ஜாவோட பாடியிருக்கார். ஜெர்மனிக்கு ஜூடி வைஸ், பிரான்ஸுக்கு எலேன் செகாரா, பிரேசிலுக்கு சாண்டி. ஊருக்கு ஒரு பாடகி. எல்லாமே நல்லா இருக்கு, எல்லாமே வித்துச்சு.

எப்படி இது முடிஞ்சது? ஏன்னா அந்தப் பாட்டுல வர்ற 'அவள்' பக்கத்துல நின்னு பாடுற பெண் கிடையாது. இசைதான் அந்த 'அவள்'. ரெண்டு பேரும் ஒரே சந்நிதியில பக்கத்துப் பக்கத்துல நின்னு சாமி கும்பிடுற மாதிரி. ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே வேண்டாம். ஒரு பாடகியைத் தூக்கிட்டு இன்னொரு பாடகியை வெச்சாலும் பொச்செல்லி தன் வரிகளை அப்படியே பாடிட்டுப் போகலாம். அழகான பாட்டு, மறுக்கலை. ஆனா டூயட்டுங்கிற பேர் அதுக்குக் கொஞ்சம் பெருசு.

இப்போ 2017க்கு வாங்க. 'டெஸ்பஸீட்டோ'. லூயிஸ் ஃபோன்ஸி, டாடி யாங்கி. ஜஸ்டின் பீபர் சேர்ந்த மறுபதிப்போட புண்ணியத்துல ஹாட் 100ல 16 வாரம் முதலிடம். பாட்டு அட்டகாசம், ஃபோன்ஸி இழுக்கிற இழுப்பும் யாங்கி அடிக்கிற வேகமும் ஒண்ணுக்கொண்ணு நல்ல எதிர்முனை. ஆனா யார் யார்கிட்ட பேசுறாங்க? ரெண்டு ஆண்களும் பாட்டுல இல்லாத ஒரு பெண்கிட்ட பேசுறாங்க. பக்கத்து ஆள்கிட்ட ஒரு வார்த்தை இல்லை. மறுபதிப்புல மூணாவதா ஒருத்தர் வந்து அதே பெண்கிட்ட பேசுறார். அந்தப் பெண் என்ன நினைக்கிறாள்னு கடைசி வரைக்கும் நமக்குத் தெரியாது. வேடிக்கை என்னன்னா, பாட்டை எழுதின மூணு பேர்ல எரிக்கா எந்தெர்னு ஒரு பெண்ணும் உண்டு. எழுத்துல இடம் இருக்கு, குரல்ல இல்லை.

என்னோட வருத்தமே இங்கேதான். பாட்டு பேருக்குப் பின்னாடி இன்னொரு பாடகர் பேரை ஒட்டுறது இப்போ லத்தீன் பாப்ல அன்றாட வழக்கம். உன் ரசிகர் கூட்டம் பாதி, என் ரசிகர் கூட்டம் பாதி, ரெண்டு நாட்டுச் சந்தை, ஒரே பாட்டு. வியாபாரம்னு பார்த்தா தப்பே இல்லை. ஆனா அதுல பாதிப் பாட்டு ஒரே வீட்டை ரெண்டு பேருக்கு வாடகைக்கு விட்ட மாதிரிதான் இருக்கு. முன் போர்ஷன் இவருக்கு, பின் போர்ஷன் அவருக்கு. வாசல்ல பார்த்தா ஒரு தலையசைப்பு. ஒருத்தர் போர்ஷனைக் காலி பண்ணிட்டு வேற யாரையாவது குடி வெச்சாலும் இன்னொருத்தர் வாழ்க்கை மாறாது.

"இசைன்னா கலந்து ஒண்ணாகிறதுதானே, நீ ஏன் சண்டையையே பிடிச்சுத் தொங்குறே?"ன்னு சிலர் கேட்பாங்க. கலக்கிறதுக்கும் லத்தீன் பாப்ல நல்ல உதாரணம் உண்டு. சின் பந்தேரா. ஒருத்தர் மெக்சிகோ, ஒருத்தர் அர்ஜென்டினா. 2000களோட ஆரம்பத்துல 'எந்த்ரா என் மி வீதா'ன்னு உருக வெச்சாங்க. ரெண்டு குரலும் ஒண்ணுமேல ஒண்ணு படியும்போது சுகமா இருக்கும், நானும் கேட்கிறவன்தான். ஆனா அங்கே ரெண்டு குரலும் ஒரே மனுஷனோட ரெண்டு தொண்டை. அது வேற கலை. ரெண்டு மனுஷங்க இருக்காங்கங்கிற உணர்வுக்குப் பேர்தான் கெமிஸ்ட்ரின்னா, அதை இதுல தேடக்கூடாது.

"அப்போ உனக்குப் பழசு எல்லாம் நல்லது, புதுசு எல்லாம் மட்டம்"னும் முத்திரை குத்த வேண்டாம். 2016ல அதே ஷகீரா இன்னொரு கொலம்பியரான மலூமாவோட 'சந்தாஹே' பாடினாங்க. மிரட்டிப் பணிய வைக்கிறதுன்னு அர்த்தம். மலூமா அவங்களைவிட 17 வயசு சின்னவர். எல்லாம் கம்ப்யூட்டர் தாளம், மைக்கை உதட்டுல ஒட்டிப் பாடுற இந்தக் காலத்துப் பாணி. ஆனா கேளுங்க, அவர் ஒண்ணு சொல்ல, இந்தம்மா அதை மெதுவா மறுக்க, அவர் திரும்பக் கேட்க, இவங்க நழுவ, அப்படியே போகும். கத்தலே இல்லை, கிசுகிசுப்புலயே ஒரு பூனை எலி விளையாட்டு. ஆகக் குறை கருவியில இல்லை, காலத்துலயும் இல்லை. பதில் சொல்ல இன்னொரு ஆளுக்குப் பாட்டுல இடம் விட்டாங்களா இல்லையாங்கிறதுதான் கேள்வி.

காதல் பாட்டுன்னா காலம் காலமா ஒருத்தர் வர்ணிப்பார், இன்னொருத்தர் வர்ணிக்கப்படுவார். வர்ணிக்கப்படுறவங்களுக்கு வாய் கிடையாது. பெரும்பாலும் அது பெண். டூயட்டுங்கிற வடிவம் மட்டும்தான் அந்த ஆளுக்கு ஒரு மைக்கைக் கொடுத்து, "நீ என்ன சொல்றே?"ன்னு கேட்குது. மைக் கைக்கு வந்ததும் ஷகீரா 'மாட்டேன்'னு சொல்றாங்க. லூசியா கலான் 'திரும்பிப் போ'ன்னு சொல்றாங்க. அந்த 'மாட்டேன்' இருக்கிறதாலதான் எதிர்க் குரல்ல கெஞ்சல் நிஜமா இருக்கு. பதில் வராதுன்னு தெரிஞ்ச இடத்துல யாரும் உயிரைக் கொடுத்துக் கெஞ்ச மாட்டாங்க. சான்ஸோட குரல் அப்படித் தேஞ்சு ஒலிக்கிறதுக்குப் பாதிக் காரணம் எதிர்ல நிக்கிற ஆள் அசையாததுதான்னு நான் நினைக்கிறேன்.

சரி, உங்க வீட்டுலயே செஞ்சு பார்க்க ஒரு சின்ன பரீட்சை. ஏதாவது ஒரு டூயட்டை எடுத்துக்கோங்க. கண்ணை மூடுங்க. ஒருத்தரோட குரலை மனசுக்குள்ள அழிச்சிடுங்க. மிச்சம் இருக்கிற ஆள் இப்போ எப்படித் தெரியுறார்? ஒண்ணுமே குறையலை, நிம்மதியா பாடிக்கிட்டிருக்கார்னா அது ரெண்டு பேர் பாடின தனிப்பாட்டு. காலி அறையில நின்னு சுவரோட சண்டை போடுற பைத்தியம் மாதிரி தெரிஞ்சா, அது டூயட். 'லா டோர்ட்டூரா'வுல சான்ஸை அழிச்சுப் பாருங்க, ஷகீராவுக்கு டாக்டர்கிட்ட அழைச்சிட்டுப் போகத் தோணும் :-)

கேட்கிற வரிசையும் சொல்லிடுறேன். முதல்ல பிம்பினேலா 1982. அடுத்து 'கோசாஸ் தெல் அமோர்'. அப்புறம் 'லா டோர்ட்டூரா', வீடியோ இல்லாம. கடைசியா 'சந்தாஹே'. நாலும் சேர்ந்து இருபது நிமிஷத்துக்குள்ளதான் வரும். ஹெட்போன் இருந்தா நல்லது.

கேட்டுட்டு, நான் சொன்னதுல உடன்பாடு இல்லைன்னா தாராளமா சண்டைக்கு வாங்க. பதில் வராத பாட்டைப் பத்தி இவ்வளவு புலம்பிட்டு, பதில் வந்தா கோவிச்சுக்க மாட்டேன்.

பி.கு: சான்ஸும் ஷகீராவும் 2006ல இன்னொரு டூயட்டும் பாடினாங்க, 'தே லோ அக்ரதெஸ்கோ, பேரோ நோ'. நன்றி, ஆனா வேண்டாம்னு அர்த்தம். சான்ஸோட தொகுப்புல வந்தது. நல்ல பாட்டுதான், ஆனா ரெண்டு பேரும் மரியாதையா நடந்துக்கிறாங்க. அதான் எனக்குப் பாதி சூடுதான் ஏறிச்சு.